தோட்டத்துக்கு ஒரு வரவு செலவு நோட்டு: சத்துச் சுழற்சியைக் கண்ணால் பார்க்கப் பழகுவது எப்படி?

மாடியில் தோட்டம் போட்ட முதல் வருஷம், கம்போஸ்ட் டிரம்மை ஏதோ தொழிற்சாலை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே காய்கறித் தோலைப் போடுவேன், கீழே உரம் வரும். சத்து அந்த டிரம்முக்குள்தான் உற்பத்தியாகிறது என்று நம்பினேன். அப்படி எதுவும் நடப்பதில்லை என்று புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. நான் போட்ட வாழைப்பழத் தோலில் இருந்த சாம்பல்சத்து (பொட்டாசியம்), தேனிப் பக்கமோ திருச்சிப் பக்கமோ ஏதோ ஒரு வாழைத்தோப்பின் மண்ணில் இருந்தது. காயாகி, லாரி ஏறி, மார்க்கெட்டில் இறங்கி, எங்கள் சமையலறை வழியாக டிரம்முக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டிரம் அதைப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். என் செடி செழித்தால் அந்தத் தோப்பில் அவ்வளவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நைட்ரஜன் சுழற்சி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வட்டப் படம் போட்டிருப்போம். மாடு, மரம், மேகம், சுற்றிலும் அம்புக்குறி. படத்தில் தப்பில்லை. ஆனால் அதில் நம் வீடு எங்கே இருக்கிறது, எந்த அம்புக்குறி நம் கையில் இருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. தேவையானவை: 40 பக்க நோட்டு ஒன்று, சமையலறைத் தராசு, ஒரு களைக்கொத்து. நாலு தொட்டி இருந்தாலும் போதும், நாற்பது சென்ட் நிலம் இருந்தாலும் முறை ஒன்றுதான்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் தழைச்சத்து, பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல்சத்து. தழை தழைக்க ஒன்று, மணி பிடிக்க ஒன்று, எரித்தாலும் சாம்பலில் தங்குவது ஒன்று. பெயரிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

முதல் படி: எல்லை போடுங்கள்

நோட்டைத் திறந்து நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. உங்கள் தோட்டம் எது என்று ஒரு எல்லையை முடிவு செய்யுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவரோ, வயலின் வரப்போ, எதுவானாலும் சரி. அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொன்றும் வரவு, வெளியே போகும் ஒவ்வொன்றும் செலவு. நர்சரியில் வாங்கிய மண்கலவை, சாணம், வேப்பம் பிண்ணாக்கு, கீழ்வீட்டு மாமரத்தின் சருகு எல்லாம் வரவில் எழுதுங்கள். பறித்த கத்தரிக்காய், பிடுங்கி எறிந்த களை, தொட்டியின் அடி ஓட்டை வழியாக வடிந்த பழுப்புத் தண்ணீர் எல்லாம் செலவு. கடைசியாகச் சொன்ன தண்ணீரைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

எல்லை போட்டுப் பார்த்தால் பழைய விஷயங்கள்கூடப் புதிதாகத் தெரியும். எனக்கு வேடந்தாங்கல் அப்படித்தான் தெரிந்தது. பறவை பார்க்கப் பல தடவை போயிருக்கிறேன். நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் பகலெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளில் மீன் பிடித்துவிட்டு இந்த ஏரி மரங்களுக்குத் திரும்புகின்றன. எச்சம் இங்கே விழுகிறது. ஊரெல்லாம் இருக்கும் ஏரிகளின் சத்து, மீனாகி, பறவை வயிற்றில் ஏறி, ஒரே ஏரியில் வந்து சேருகிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பறவையைச் சுட வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள். பறவைப் பாசமும் இருந்திருக்கும். வரவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற கணக்கும் இருந்தது.

இரண்டாம் படி: காற்றுக் கணக்கு வேறு, கல் கணக்கு வேறு

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். செடியைக் காயவைத்து நிறுத்தால் அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அது முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. தழைச்சத்தும் கடைசியில் காற்றுச் சொத்துதான். நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று முடிச்சுப் போட்டு இறுகிக் கிடக்கின்றன. செடியால் அதை அவிழ்க்க முடியாது. சில பாக்டீரியாக்கள் அவிழ்க்கும், மின்னல் கொஞ்சம் அவிழ்க்கும், 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் அவிழ்த்துக் காட்டினார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில் அதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று நாம் வாங்கும் யூரியா அந்த வழியில் வந்தது.

மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அப்படியில்லை. இரண்டும் பாறையிலிருந்து வருகிறவை. காற்றில் வாயுவாகச் சுற்றுவதில்லை. வயலை விட்டுப் போனால் மழை திருப்பிக் கொண்டுவந்து கொட்டாது. உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோ, மேற்கு சஹாரா பக்கம் இருக்கிறது. நம் நாட்டில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் அருகே சுரங்கம் உண்டு, ஆனாலும் பெரும்பகுதி இறக்குமதிதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, தூசி. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டில் போடேலே என்று வற்றிப்போன ஏரிப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்தும் சஹாராவின் மற்ற இடங்களிலிருந்தும் காற்று அள்ளிக்கொண்டு போகும் தூசியில், வருஷத்துக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது என்று செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். அமேசான் மழையில் இழப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அமேசானுக்கு அப்படி ஒரு தர்மப்பிரபு. நம் மாடிக்கு யாரும் கிடையாது, அதனால் நோட்டில் மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: பழுத்த இலையைப் பாருங்கள்

ஒரு கத்தரிச் செடி முன்னால் உட்காருங்கள். மஞ்சளாவது கீழ் இலையா, கொழுந்தா என்று மட்டும் பாருங்கள்.

கீழ் இலை சீராக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துப் பற்றாக்குறை. கீழ் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் காய்ந்தால் சாம்பல்சத்து. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. நம்மூர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண்ணில் இது அடிக்கடி வரும். இதன் பின்னால் இருக்கும் சங்கதி அழகானது. தழை, மணி, சாம்பல் மூன்றும் செடிக்குள் நடமாடக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அதனால் கீழே பழுக்கிறது. இரும்பு, கால்சியம் போன்றவை ஒரு தடவை இலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதனால் புதிதாக வரும் கொழுந்துதான் பட்டினி கிடக்கும்.

மரமும் இதைத்தான் செய்கிறது. இலையை உதிர்ப்பதற்கு முன், அதிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய பாதியை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கீழே விடுகிறது. பழுத்த மஞ்சள் இலை என்பது மரம் பாத்திரத்தை வழித்துவிட்டு வைத்தது. ஆகவே சருகு உரம் போடுகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தானாக உதிர்ந்த சருகில் கார்பன் நிறைய, தழைச்சத்து குறைவு. பச்சையாக வெட்டிய கிளைரிசிடியாத் தழையையும் வேப்பஞ்சருகையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

(தண்ணீர் அதிகமானாலும் இலை மஞ்சளாகும். சந்தேகம் வந்தால் உரத்தைத் தொடும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.)

நான்காம் படி: டிரம்மை நிறுத்துப் பாருங்கள்

சுற்றிலும் ஓட்டை போட்ட 100 லிட்டர் டிரம் ஒன்று. அடியில் தேங்காய் மட்டையை நாலாகப் பிளந்து அடுக்குங்கள், தண்ணீர் தேங்காது. ஒரு பங்கு காய்கறிக் கழிவு, அதற்கு மேல் இரண்டு பங்கு காய்ந்த சருகு. பங்கு என்பது எடையில் இல்லை, கூடைக் கணக்கில். பழைய உரம் ஒரு கைப்பிடி அல்லது புளித்த மோர் ஒரு குவளை தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்கணும், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளிக்கணும்.

ஏன் இரண்டு பங்கு சருகு? இதுதான் சத்துச் சுழற்சியின் நடுநாயகமான கணக்கு. டிரம்முக்குள் வேலை செய்யும் நுண்ணுயிருக்குத் தன் உடம்பைக் கட்ட ஒரு பங்கு தழைச்சத்துக்கு 8 பங்கு கார்பன் வேண்டும். அதோடு மூச்சுவிட, அதாவது எரித்துச் சக்தி எடுக்க, இன்னொரு 16 பங்கு. ஆக மொத்தம் 24. அதனால்தான் 25 முதல் 30 வரை என்று உரப்புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் 15, 20 என்று இருக்கும். வைக்கோலில் 80 வாக்கில். மரத்தூளில் 300-க்கும் மேல். குறைவானதையும் கூடுதலானதையும் கலந்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கம்போஸ்ட் கலை.

காய்கறிக் கழிவு மட்டும் போட்டால் தழைச்சத்து தேவைக்கு மிஞ்சிப்போய், மிஞ்சியது அமோனியாவாகக் கிளம்பும். மூக்கைப் பொசுக்கும் அந்த நெடி வந்தால் உங்கள் தழைச்சத்து மூக்கு வழியாகச் செலவாகிக்கொண்டிருக்கிறது என்று நோட்டில் எழுதலாம்.

எதிர்ப்பக்கத் தப்பையும் செய்திருக்கிறேன். தச்சுப் பட்டறை ஒன்றில் மூட்டை மரத்தூள் சும்மா கிடைத்தது. மண் பொலபொலவென்று இருக்குமே என்று கத்தரிப் பைகளில் பச்சையாகக் கலந்துவிட்டேன். இரண்டே வாரத்தில் பன்னிரண்டு பையும் மஞ்சள் காமாலை பிடித்தது மாதிரி நின்றன. மரத்தூளைத் தின்ன வந்த நுண்ணுயிர்களுக்கு அதில் தழைச்சத்து போதவில்லை. பக்கத்தில் செடிக்காக இருந்ததை எடுத்துக்கொண்டன. பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றித் தேற்றினேன், ஆனாலும் காய்ப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது. மக்காத தென்னைநார்க் கழிவும் இதே வேலையைக் காட்டும். அந்தத் தழைச்சத்து எங்கேயும் தொலைந்துபோவதில்லை, நுண்ணுயிர் செத்து மக்கும்போது திரும்ப மண்ணுக்கு வரும். செடிக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது என்பதுதான் சிக்கல்.

இப்போது தராசு. போடும் ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுதுங்கள். என் நோட்டில் ஒரு டிரம்முக்கு உள்ளே போனது 42 கிலோ, மூன்று மாதம் கழித்துச் சலித்து எடுத்தது 13 கிலோ. மீதி 29 கிலோ? பெரும்பகுதி தண்ணீர், ஆவியாகிவிட்டது. இன்னொரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாடிக் காற்றில் கலந்துவிட்டது. எந்தக் காற்றிலிருந்து செடி எடுத்ததோ அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பறக்க வழியில்லாமல் உள்ளேயே தங்கியதால், ஒரு பிடி உரத்தில் அவற்றின் அடர்த்தி கூடியிருக்கிறது. டிரம்மின் அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள், சாம்பல்சத்து அதில் கரைந்து ஓடும். பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கே ஊற்றுங்கள்.

வெளிர் பழுப்பில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். கறுப்புப் படைவீரன் ஈ என்று ஒன்றின் புழு அது. கடிக்காது, வேகமாகத் தின்னும். பார்க்கச் சகிக்காது, அது வேறு விஷயம். சின்ன டிரம்மில் சூடு பெரிய குவியல் அளவுக்கு ஏறாது, அதனால் தக்காளி விதை சாகாது. உரம் போட்ட எல்லாத் தொட்டியிலும் தக்காளி முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: வேர் முடிச்சை வெட்டிப் பாருங்கள்

ஒரு தொட்டியில் தட்டைப்பயறு நாலு விதை போடுங்கள். முப்பத்தைந்து நாற்பது நாளில், பூ எடுக்கும் நேரத்தில், ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும், களைக்கொத்தால் சுற்றித் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் மிளகு மாதிரி உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலையில் இருக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு பொருள்தான் அந்த நிறம். வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பச்சை, பழுப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது.

மூன்று முடிச்சு அவிழும் இடம் இதுதான். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

இங்கே ஒரு பரவலான தப்பெண்ணம் உண்டு. "பயறு போட்டால் மண்ணில் தழைச்சத்து ஏறும்" என்பார்கள். காய் முற்ற முற்ற, பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி விதைக்குப் போய்விடுகிறது. பருப்பில் புரதம் என்று சாப்பிடுகிறோமே, அதுதான் இது. பயறையும் அறுத்து, கொடியையும் மாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் கொஞ்சம் சருகும்தான். அதனால்தான் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்து 45, 50 நாளில், பூக்கும் தருணத்திலேயே மடக்கி உழுகிறார்கள். டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன் ஈரத்திலேயே தெளிக்கும் தரிசு உளுந்து நல்ல வழக்கம்தான். அதன் தழைச்சத்தைப் பெரும்பாலும் இட்லியில் சாப்பிட்டுவிடுகிறோம் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

இடம் இருந்தால் ஒரு அசோலாத் தொட்டி போடுங்கள். அதன் இலைக் குழிக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும். சாணம் கரைத்து ஊற்றாமல் விட்டால் சில வாரத்தில் வளர்ச்சி நின்று சிவக்க ஆரம்பிக்கும். கடும் வெயிலிலும் சிவக்கும், ஆனால் நிழலிலும் சிவந்தால் பெரும்பாலும் மணிச்சத்துப் பட்டினி. காற்றுக் கணக்கை ஓட்டுவதற்குக் கல் கணக்கில் இருப்பு வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: போனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்

கல் கணக்கில் வரவு இரண்டே வகை. கடையில் வாங்குவது ஒன்று. ஏற்கெனவே போனதைத் தேடித் திருப்புவது இன்னொன்று.

வைக்கோலிலிருந்து ஆரம்பிக்கலாம். மதுராந்தகம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு வருஷம் அறுத்த கையோடு வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்றுவிட்டு, அடுத்த போகத்துக்குச் சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். பெரியப்பா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, வைக்கோல வித்த காசுல பொட்டாஷ் வாங்கினு வர்றியா?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன்: நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. நெல்மணிக்குப் போவது பெரும்பாலும் தழையும் மணியும். நான் விற்றதையேதான் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறேன். எரித்தாலோ தழைச்சத்து ஏறக்குறைய முழுக்கப் புகையாகப் போய், சாம்பலில் சாம்பல்சத்தும் மணிச்சத்தும்தான் நிற்கும்.

சாம்பலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடுப்புச் சாம்பலைச் சாணத்தோடோ கோமியத்தோடோ கலந்து வைக்காதீர்கள், அதன் காரம் தழைச்சத்தை அமோனியாவாகக் கிளப்பிவிடும். ஏற்கெனவே களர் மண்ணாக இருந்தால் சாம்பலே வேண்டாம்.

அடுத்தது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சை வரைக்கும் மந்தையை ஓட்டிப் போவார்கள். ஆடு பகலில் கரம்பிலும் கரையிலும் மேய்ந்து, ராத்திரி பட்டியில் படுக்கும். ஊர்ப் பொதுவில் சிதறிக் கிடக்கும் சத்தைத் திரட்டிக் கொண்டுவந்து ஒருத்தர் வயலில் இறக்கும் போக்குவரத்து அது. புழுக்கையோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குவதால் பலன் உடனே தெரியும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று பழமொழி சொல்வது இதைத்தான். வேடந்தாங்கல் பறவை செய்யும் வேலையை நாலு காலில் செய்கிறது.

ஏரி வண்டல் இன்னொன்று. மேட்டு நிலத்தில் மழை அரித்துப்போன மேல்மண் ஏரியில்தான் போய்ப் படிகிறது. கோடையில் அதை வெட்டி வயலில் அடிப்பது, ஓடிப்போனதைப் பிடித்துக் கூட்டிவருவது மாதிரி. விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது, கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் நடைமுறை சொல்வார். நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியின் வண்டலையும் ஆகாயத்தாமரையையும் மட்டும் தொடாதீர்கள். அதில் சத்தோடு ஈயமும் காட்மியமும் வரலாம்.

மிச்சம் இருப்பது, சபையில் பேசக் கூச்சப்படும் வரவு. நாம் சாப்பிடும் தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீராகத்தான் வெளியேறுகிறது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம். மணிச்சத்திலும் பாதிக்கு மேல் அதில்தான். ஹாம்பர்க் நகரத்தில் 1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் எடுக்கலாம் என்று சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்து, கடைசியில் இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸைக் கண்டெடுத்தார். நம் திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியாகப் பிரித்துச் சேர்க்கும் கழிப்பறைகளைக் கட்டி, பயிருக்கு விட்டும் பார்த்திருக்கிறார்கள். வீட்டளவில் செய்வதானால் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர், வேரில் மட்டும், கீரைக்குக் கூடாது, மருந்து சாப்பிடுகிறவர்களுடையது வேண்டாம். தொட்டியில் உப்பு சேரும் என்பதால் மாதம் இரண்டு தடவைக்கு மேல் போகாதீர்கள். மாட்டுடையது என்றால் பாட்டிலில் வாங்குகிறோம், நம்முடையது என்றால் முகம் சுளிக்கிறோம். சத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஏழாம் படி: ஓட்டையை அடைத்துவிடுங்கள்

முதல் படியில் சொன்ன பழுப்புத் தண்ணீர். மண்ணில் களித்துகள் எதிர்மின்னேற்றம் உள்ளது. நேர்மின்னேற்றம் உள்ள பொட்டாசியத்தையும் அமோனியத்தையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். தழைச்சத்தின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம்தான், பிடிக்காது. அதனால் அடி வழியாக ஒழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் முதலில் வெளியேறுவது தழைச்சத்து. தட்டு வைத்து, வடிந்ததை மறுநாள் அதே தொட்டிக்கு ஊற்றுங்கள். உரத்தை மாதம் ஒரு முறை கூடையாகக் கொட்டாமல் பதினைந்து நாளுக்கு ஒரு பிடியாகப் போடுங்கள். மேலே சருகு மூடாக்கு.

வயலில் வேறு மாதிரி. தண்ணீர் கட்டுவதும் காயவிடுவதுமாக இருந்தால், காய்ந்தபோது உண்டான நைட்ரேட்டைக் காற்றில்லாத சேற்றிலிருக்கும் பாக்டீரியா மறுபடி நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். பூமிக்கு அது சுழற்சியின் ஒரு முனை, நமக்குச் செலவு. யூரியாவைத் தேங்கிய தண்ணீரில் வீசினால் அமோனியாவாகவும் பறந்துவிடும்; வடித்துவிட்டு ஈர மண்ணில் போட்டு ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டச் சொல்வது அதனால்தான்.

எட்டாம் படி: கிலோவில் கூட்டுங்கள்

ஆறு மாத நோட்டு சேர்ந்தபின் பேச்சை விட்டுக் கணக்குப் போடலாம். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோ சொச்சம். மக்கிய தொழு உரத்தில் அரை சதவீதம் வாக்கில், ஒரு டன்னுக்கு 5 கிலோ. தழைச்சத்தை மட்டும் பார்த்தால் ஒரு மூட்டைக்கு நாலு டன் ஈடு. ஆனால் தொழு உரத்தோடு மணியும் சாம்பலும் கார்பனும் சேர்ந்து வருகின்றன, யூரியாவோடு வேறெந்தச் சத்தும் வராது.

இயற்கை விவசாயத்தில் பயிருக்கு விடும் ஜீவாமிர்தக் கரைசலையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு. மூன்றின் தழைச்சத்தையும் கூட்டினால் கால் கிலோவைத் தாண்டவில்லை. ஒரு டன் நெல் வைக்கோலோடு சேர்த்து 15 முதல் 20 கிலோ வரை எடுக்கிறது. கரைசல் நுண்ணுயிரைத் தூண்டிவிடலாம், மண்ணில் முடங்கிக் கிடப்பதை வெளியே எடுக்க உதவலாம். சத்துக்கு வேறு வரவு இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, என்ன செய்வது, தராசு அப்படிக் காட்டுகிறது.

நிலம் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மண் பரிசோதனை செய்து நோட்டோடு ஒப்பிடுங்கள். அறுவடை முடிந்து, உரம் எதுவும் போடுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். மர நிழல், எருக்குழி, வரப்போரம் மூன்றையும் தவிர்த்து, வயலில் பத்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீராகச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். உர மூட்டைச் சாக்கில் மட்டும் பரப்பாதீர்கள். நான் ஒரு தடவை பரப்பினேன், எங்கள் வயலில் மணிச்சத்து கொட்டிக் கிடப்பதாக அட்டை வந்தது.